பூட்டன் கையில் சந்தனம்

தரையில் விரித்த ஜமக்காளத்தில் அவனுடைய அம்மா. மர நாற்காலியில் அவனுடைய தாய்மாமன் வெயில்முத்து. மடக்கு நாற்காலியில், மின்விசிறிக்கு நேர் கீழே, அவன். அடுக்களை நிலையை ஒட்டி நின்றபடி அவளுடைய அம்மா. அவளுடைய அப்பா உட்காரவில்லை.

எல்லோருக்கும் மேலே, சுவரில், மாலையோடு பூட்டன்.

பெண் பார்க்க வந்தவர்கள். ஆனால் அவள் காப்பித் தட்டோடு வந்தபோது யாரும் அவளைப் பார்க்கவில்லை. அப்பா பூட்டனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

தலைப்பாகை. முறுக்கு மீசை. சரிகைக் கோட்டு. வலது கை நெஞ்சுக்கு நேராக உயர்ந்திருந்தது. விரல்கள் இருக்கிற இடத்தில், கண்ணாடிமேல், தடிமனாக அப்பிய சந்தனம்.

படத்தின் ஓரமெல்லாம் புடைத்து நிற்கும் தங்கக் காசுகள், பூட்டன் வாங்கிய பதக்கங்களாம். காலடியில் கிடக்கும் பெரிய இலைகள் அவருடைய வெற்றிலைக் கொடிக்காலாம். தலைப்பாகைக்குப் பக்கத்தில் வளைந்து வளைந்து ஏறும் வெள்ளைக் கோடு சாம்பிராணிப் புகையாம்.

கை?

சின்முத்திரை. பெரிய யோகி என்றார் அப்பா.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கம் என்று அவன் அம்மா நினைத்திருப்பாள்.

சின்ன வயதில் ஒரு சரஸ்வதி பூசைக்குப் படத்தின் பின்பலகையைக் கழற்றித் துடைத்தவள் அவள். சட்டத்துக்குள் மறைந்திருந்த வரியை எழுத்துக் கூட்டிப் படித்தவள்.

‘ஜமீன்தார் மார்க் உயர்ரகச் சுருட்டு.’

பலகையைத் திரும்ப மாட்டினாள். யாரிடமும் சொல்லவில்லை.

அவனுக்குச் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் வேலை. லேபிள் வரைகிறவன். தீப்பெட்டி, பட்டாசு, சுருட்டு. தரகர் இதைச் சொன்னபோதே அவள் சுவரைப் பார்த்தாள்.

அவன் நிமிர்ந்து படத்தைப் பார்த்தான்.

காப்பி ஆறியது. பார்த்துக்கொண்டே இருந்தான். புடைத்த தங்கத்தை, இலையின் நரம்புகளை, மீசையின் ஒவ்வொரு முடியையும். கடைசியில் சந்தனத்தை.

பிறகு அவளைப் பார்த்தான். அவளும் பார்த்தாள்.

அவனுக்குத் தெரிந்துவிட்டது. சிரிக்கப் போகிறான்.

சிரிக்கவில்லை. அந்த இடத்தில்தான் அவளுக்கு அவனைப் பிடித்தது.

தம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் படத்தைப் பார்த்துக் கைகூப்பினான்.

“எங்க வீட்லயும் இருக்காரு ஐயா. என் மேசைக்கு நேரே மாட்டியிருக்கேன். தெனமும் இவரு முகத்துல முழிச்சிட்டுத்தான் பிரஷ்ஷத் தொடுவேன்.”

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

அப்பாவின் முகம் மலர்ந்தது. மலர்ந்தபடியே கணக்குப் போடத் தொடங்கியது.

“அப்பம் நீங்க எங்களுக்குப் பங்காளியில்ல?”



ஒரே பூட்டன் என்றால் ஒரே வம்சம். ஒரே வம்சம் என்றால் அவன் அவளுக்கு அண்ணன். அப்பாவுக்கு இதில் சந்தேகமே இல்லை. எங்கள் குடும்பத்தில் இப்படி ஒரு ஆளே கிடையாது என்று அவன் அம்மா சொல்லிப் பார்த்தாள். உங்கள் மகனே சொல்கிறானே என்றார் அப்பா. வெயில்முத்து பாதிக் கேசரியில் நிறுத்தி, அப்படியானால் நான் உங்களுக்கு மச்சான் முறை என்றார். அவருக்கு அதில் சந்தோஷம்தான்.

அவன் வாயைத் திறந்தான்.

அவள் தலையை லேசாக ஆட்டினாள். வேண்டாம்.

மூடிக்கொண்டான்.

“போய்ட்டு வாங்க மதினி” என்று அப்பா வாசல்வரை வந்து அவன் அம்மாவை வழியனுப்பினார்.

படியிறங்கும்போது அவன் ஒருமுறை திரும்பினான். அவளைப் பார்த்தானா, படத்தைப் பார்த்தானா, சொல்ல முடியவில்லை.

அந்த வீட்டில் கடிதம் எழுதுவது அவள்தான். வலது மூலையில் ஊர், தேதி. இடது பக்கம் ‘அன்புள்ள’. அடுத்து நலம், நலமறிய அவா. அதற்குக் கீழே அப்பா சொல்லச் சொல்ல எழுதினாள். ‘நாம் இரு வீட்டாரும் பங்காளிகள் ஆகிவிட்டபடியால்...’

பேனா நின்றது.

“அவுக வீட்டுப் பெரியவர் கையில சுருட்டு இருக்குமாம்ப்பா.”

யாரும் அவளிடம் அப்படிச் சொல்லவில்லை.

அப்பா படத்தின் பக்கம் திரும்பவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் அந்தச் சந்தனத்தை அரைத்து வைப்பது அவர்தான். வேறு யாரையும் தொட விடமாட்டார்.

“நம்ம பூட்டனுக்கு அந்தப் பழக்கமே கெடையாது” என்றார். “அது வேற யாரோ.”

அடித்து எழுதினால் பார்க்க நன்றாக இருக்காது, புதுத் தாள் எடு என்றார். சம்மதம் என்று எழுதச் சொன்னார். கேசரியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனதில் வருத்தம் என்று எழுதச் சொன்னார். மதினி என்று அழைத்ததை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றும்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் கொஞ்சம் யோசித்தார்.

“கல்யாணத்துக்கு வரும்போது அவுக பெரியவர் படத்தக் கொண்டார வேண்டாம்னு ஒரு வரி போட்டுரு.”

போட்டாள்.

சோற்றுப் பருக்கையை நசுக்கி உறையை ஒட்டினாள். அப்பா நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினார். விரலில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. எழுந்து சுவரோரம் போய் நின்றார்.

மின்விசிறிக் காற்றில் சந்தனம் காய்ந்து ஒரு ஓரம் பெயர்ந்திருந்தது. உள்ளே பழுப்பாக ஒரு நுனி.

“தபால் எடுக்க வந்துருவான், வெரசாப் போ” என்றார், அவளைப் பார்த்துக்கொண்டே.

படத்தின் பக்கம் திரும்பாமலே, விரல் நேராக அந்த இடத்தில் போய் அமுக்கியது.

அவள் கடிதத்தோடு படியிறங்கினாள்.