பகா எண் மாப்பிள்ளை

“பத்துப் பொருத்தமும் இருக்குன்னு ஜோசியரே சொல்லிட்டாரு. நீங்க என்ன அண்ணாச்சி, தாளும் பேனாவுமா உக்காந்திருக்கீய?”

மாப்பிள்ளையின் அம்மா ரெங்கம்மாள் கேட்டதற்கு, பெண்ணின் அப்பா சிவனணைந்தபெருமாள் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

“மாப்பிள்ளையோட போன் நம்பரைச் சரிபார்த்துக்கிடுதேன்.”

அவர் மனைவி செண்பகவல்லிக்கு ‘மறுபடியுமா!’ என்றிருந்தது. கல்லூரியில் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்ற மனுஷன், வருகிற மாப்பிள்ளைகளின் நம்பரை எல்லாம் ஆராய்ச்சி செய்தால் யார்தான் பெண் கேட்டு வருவார்கள்?

போன மாதம் வந்த பையனுடையது ‘குறை எண்’ணாம். அதை வகுக்கும் சின்ன எண்களை எல்லாம் கூட்டினாலும் அதன் அளவுக்கு வராதாம். குறையுள்ள சம்பந்தம் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். தென்காசியே சிரித்தது. மகள் மீனாவுக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது.

இன்றைக்கு வந்திருக்கும் மாப்பிள்ளை உமாசங்கர் தங்கமான இடம். ஐந்தருவியில் குளித்த ஈரத்தலையோடு குடும்பமாக வந்திருந்தார்கள். மீனாவும் அவனும் பின்பக்கம் நின்று பேசிவிட்டு வந்தார்கள். அதற்கப்புறம்தான் இவர் பேனாவைத் தேடினார்.

“ஃபேன்சி நம்பர் மாமா. கடைசி நாலும் அஞ்சு. ஐந்தருவிப் பக்கம் ரிசார்ட் கட்டுதோம்லா, அதுக்குன்னே வாங்கினேன்” என்றான் உமாசங்கர் பெருமையாக.

பெருமாள் பேனாவை மூடினார். “போச்சு! இது பகா எண்ணுல்லா!”

“அப்படின்னா?”

“ஒண்ணையும் தன்னையும் தவிர எவருக்கும் வகுபடாது. மீனா நம்பரு மிகை எண், அள்ளிக் கொடுக்குத நம்பரு. ரெண்டும் எப்படி ஒத்துவரும்? மன்னிச்சிக்கிடுங்க.”

ரெங்கம்மாள் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. “நல்லவேளை, கிறுக்கு வீட்டுல சம்பந்தம் பண்ணாம தப்பிச்சோம். அந்தப் பிள்ளைதான் பாவம்!”

கார் தெருமுனை தாண்டியதும் செண்பகவல்லி பொரிந்து தள்ளினாள்.

“பெத்த பிள்ளை வாழ்க்கையில மண்ணள்ளிப் போடுதீயளே! கடைசி நாலும் அஞ்சுன்னு அந்தப் பையன் எவ்வளவு ஆசையாச் சொன்னான்…”

சட்டென்று நிறுத்தினாள்.

“ஏங்க, அஞ்சுல முடிஞ்சா அஞ்சால வகுபடும்லா?”

“மெல்லப் பேசுட்டி.”

“அப்ப அது பகா எண்ணே இல்லையா?”

“இல்ல. கல்யாணமானா வேலையை விட்டுரணும்னு அந்தப் பையன் மீனாட்ட சொன்னானாம். மீனா வந்து எங்கிட்ட, வேண்டாம்ப்பான்னா. பொண்ணே மாப்பிள்ளையை வேண்டாம்னுட்டான்னு தெரிஞ்சா ஊரு அவளைல்லா பேசும்? எனக்குத்தான் ஏற்கெனவே கிறுக்கன்னு பேரு இருக்கே.”

“போன மாசத்துக் குறை எண்ணு?”

“அந்தப் பையனையும் அவதான் வேண்டாம்னா. தாள்ல நான் சும்மா கிறுக்கிக்கிட்டு இருந்தேன்.”

செண்பகவல்லிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இந்த மனுஷனையா இத்தனை நாள் திட்டினோம்!

போன் அடித்தது. செங்கோட்டையிலிருந்து நாத்தனார்.

“என்ன மதினி, இந்த இடமும் போச்சாமே? அண்ணன் திரும்பவும் கிறுக்குத்தனம் பண்ணிட்டாவளா?”

செண்பகவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அவுகளைக் குத்தம் சொல்லாதீய மதினி. நானே வகுத்துப் பாத்துட்டேன். அஞ்சால கூட வகுபடல!”