வேண்டாத விலக்கு

“நன்கொடை ரசீதைக் கொடுங்க சார். வரி பாதியாக் குறைஞ்சிடும்” என்றார் ஆடிட்டர்.

“வேண்டாம். முழுசாவே கட்டிடறேன்” என்றார் ஓய்வுபெற்ற பொறியாளர்.

ஆடிட்டர் நிமிர்ந்தார். இல்லாத ரசீதுக்கு விலக்குக் கேட்பவர்களைத்தான் அவருக்குத் தெரியும்.

பக்கத்தில் இருந்த மனைவி கையிலிருந்த போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். “ரசீது இருந்தாத்தானே கொடுப்பார்? கடையை மூடிட்டுப் பெத்த பிள்ளை திண்டாடுறான். இவர் பேங்க்ல போட்டதை எல்லாம் எடுத்து யாருக்கோ கொட்டிக் கொடுக்கிறார். யாரு அவ? ஆடிட்டர் முன்னாடியே சொல்லுங்க.”

பொறியாளர் சட்டைப்பையிலிருந்து ரசீதை எடுத்துப் போட்டார். ஆடிட்டர் புரட்டிப் பார்த்தார்.

“பள்ளிக்கூட டிரஸ்ட் ரசீதும்மா. எல்லாம் சரியா இருக்கு. அப்புறம் ஏன் சார் வேண்டாங்கறீங்க?”

“டிரஸ்ட் பேர்ல நான் கட்டினது என் பேத்தியோட ஃபீஸ். சொந்தப் பேத்திக்குக் கட்டிட்டு, தானம்னு சொல்லி வரியில கழிச்சா அது திருட்டு.”

மனைவியின் குரல் இறங்கியது. “அதை நேரா அவன்கிட்டயே கொடுத்திருக்கலாமே?”

“கொடுத்தேன். மூஞ்சியில விட்டெறிஞ்சான். என் காசுன்னு தெரிஞ்சா அன்னைக்கே பிள்ளையைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திடுவான். நீயும் மூச்சு விடாதே.”

போனை எடுக்கப் போன மனைவியின் கை பாதியில் நின்றது. அப்பாவின் வண்டவாளத்தை மகனும் கேட்கட்டும் என்று, உள்ளே வரும்போதே அவனைக் கூப்பிட்டு லைனில் வைத்திருந்தாள்.

அவன் இன்னும் போனை வைக்கவில்லை.