உடம்புச் சூடு

பிரேக் போட்ட வேகத்தில் வெங்காய மூட்டை சரிந்து, அந்தப் பெண்ணின் தெர்மாகோல் பெட்டி மேல் விழுந்தது. அப்பளம் நொறுங்குகிற மாதிரி சத்தம்.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ். உச்சி வெயில். மூட்டை அமிர்தவல்லியுடையது.

பெண் கத்தவில்லை. பஸ் தரையிலேயே உட்கார்ந்து, துண்டுகளை விலக்கி, உள்ளங்கை அகலத்தில் தட்டையான பாட்டில் ஒன்றை எடுத்தாள். உள்ளே கழுத்து வரைக்கும் ரோஸ் நிறத் தண்ணீர். மூடியைச் சுற்றி டேப். எங்கும் உடையவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

"அதான் முழுசா இருக்கே கண்ணு, ஏன் அழுவுற?"

"வெயில் ஏறக்கூடாதும்மா. பெட்டி இருந்துச்சு, தாங்குச்சு. அரியலூர்ல ட்ரெயின் ஏறிட்டா ஏசி. இந்த ஒரு மணி நேரந்தான்..."

"ஐஸு வாங்கி வச்சிக்கயேன்."

"ஐஸும் ஆகாது. நம்ம உடம்புச் சூடுதான் அதுக்குக் கணக்கு. இந்த பஸ் கொதிக்கிற கொதிக்கு செத்துப்போயிடும்."

"எது சாவும்?"

"பூனை."

கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். "பாட்டில்ல பூனையா? சொல்லவே இல்ல. லக்கேஜ் போட்டிருப்பேனே."

அமிர்தவல்லி சிரிக்கவில்லை. முப்பது வருடமாகப் பருத்திக்காட்டிலும் வெங்காயக்காட்டிலும் வெந்தவள். கத்திரி வெயிலில் இரும்பு சுடும், மண் சுடும். வேர்த்த உடம்பு மட்டும் தன் அளவைத் தாண்டாது. கேனில் இருந்த தண்ணீரை முந்தானையில் ஊற்றி நனைத்தாள். பாட்டிலை வாங்கிச் சுற்றி வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

"எம் மூட்டை செஞ்ச வேலை. அரியலூர் வரைக்கும் எம் பொறுப்பு. எந்தப் பக்கம் மேல இருக்கணும், அதை மட்டும் சொல்லு."

பெண்ணின் பெயர் பூவிழி. படிப்பு முடிக்க ஆராய்ச்சி செய்கிறாளாம். பூனைக்கு வருகிற கொரோனாவைப் பற்றித்தான்; அது வந்தால் வயிற்றில் நீர் கோத்துக் குட்டிகள் செத்துப்போகும் என்றாள்.

முன் சீட்டுக்காரர் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு டிரைவர் பக்கம் நகர்ந்தார்.

"சார், இதுல வைரஸ் இல்ல சார். வெறும் செல்லுதான்."

அவர் திரும்பி வரவில்லை.

"அது கெடக்கட்டும், நீ சொல்லு."

"வைரஸுங்கறது ஒரு துண்டுச் சீட்டு மாதிரிம்மா. அதுக்குக் கையும் இல்ல, காலும் இல்ல. செல்லுக்குள்ள பூந்து, அங்க ஏற்கெனவே வேலை பாக்குற புரதங்களை ஏவித்தான் தன்னை ஆயிரமாப் பெருக்கிக்கும்."

"மேஸ்திரின்னு சொல்லு. வெறுங்கையோட வருவான். நம்ம ஊரு ஆளை வச்சே நம்ம காட்டைத் தோண்டி சுண்ணாம்புக் கல்லை அள்ளிட்டுப் போவான்."

பூவிழி அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தாள். "அதேதான். அப்படிக் கைகொடுக்குற ஒருத்தனை இந்த செல்லுங்கள்ல இருந்து நான் எடுத்துட்டேன். இப்ப வைரஸ் உள்ள போவுது, ஆனா பெருக முடியல. முன்ன வந்ததுல பத்துல ஒரு பங்குகூட வரல."

"ஒரு ஆளு வரலேன்னா இம்புட்டு வேலையுமா நிக்கும்?"

"எந்த ஆளுன்னு கண்டுபிடிக்க மூணு வருசம். லேப்ல ஃப்ரீஸர் கெட்டு மத்ததெல்லாம் போச்சு. மிச்சம் இது ஒண்ணுதான். சென்னையில குடுத்துப் பத்திரப்படுத்தணும்."

அமிர்தவல்லி முந்தானையை விலக்கி எட்டிப் பார்த்தாள். தண்ணீர்தான் தெரிந்தது.

பூவிழி பாட்டிலை லேசாகச் சாய்த்துக் காட்டினாள். அடிப்பக்கம், கண்ணாடியில் ஊதிய மூச்சு மாதிரி ஒரு மெல்லிய மங்கல்.

"இதா? இதுக்கு உசுரு இருக்குதா?"

"இருக்கு. இப்பக்கூடப் பெருகிட்டிருக்கும்."

"அப்ப பூனை எங்க?"

"பூனை இல்லம்மா. அறுபது வருசத்துக்கு முன்னாடி அமெரிக்காவுல ஒரு குட்டிப்பூனையோட கிட்னியில இருந்து எடுத்தது. பூனை போயிடுச்சு. கிட்னி செல்லு மட்டும் இன்னும் சாவல. ஊரு ஊராப் போயி இருந்துட்டிருக்கு."

சிமெண்ட் லாரி ஒன்று எதிரில் கடந்து போனது. ஜன்னல் வழியாக வெள்ளைத் தூசி வந்து எல்லார் மேலும் படிந்தது.

அமிர்தவல்லி குனிந்து பாட்டிலைத் தன் உடம்பால் மறைத்துக்கொண்டாள். தூசி அடங்கிய பிறகும் நிமிரவில்லை.

"அறுபது வருசம்" என்றாள். நான் பிறப்பதற்கும் முன்னால் என்று மனதுக்குள் கணக்குப் போட்டாள். கேனில் மிச்சமிருந்த தண்ணீரை, தாகத்துக்கு ஒரு வாய்கூட வைக்காமல், முந்தானையில் ஊற்றினாள்.

அரியலூர் வந்தது. பூவிழி பாட்டிலை வாங்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். சூடு ஏறவில்லை. கும்பிடப் போனவளின் கையை அமிர்தவல்லி பிடித்துக்கொண்டாள்.

"கண்ணு, அந்தக் குட்டியோட தாய்க்கு இது தெரியாதுல்ல?"

"பூனைக்கு எப்படிம்மா தெரியும்?" பூவிழி சிரித்துக்கொண்டே ஸ்டேஷன் ஆட்டோவில் ஏறிவிட்டாள்.

அமிர்தவல்லி ஜெயங்கொண்டம் பஸ் நிற்குமிடத்தில் மூட்டையை இறக்கி வைத்தாள்.

மாசியில் சிமெண்ட் லாரி அடித்து மகன் மகேஷ் மூளைச்சாவு ஆனபோது, டாக்டர் நீட்டிய உறுப்பு தானத் தாளில் கையெழுத்துப் போட்டவள் அவள்தான். கலெக்டர் ஆபீஸிலிருந்து மாலை வந்தது. பெற்ற பிள்ளையைக் கூறு போட்டுக் கொடுத்துவிட்டாள் என்று ஊர் பேசியது. இரண்டு கிட்னியும் யாருக்குப் போயின என்று கேட்டாள். பேர் சொல்லக்கூடாது என்றுவிட்டார்கள்.

வயிற்றில் பாட்டில் இருந்த இடம், பாட்டில் அளவுக்கே ஈரமாக இருந்தது.

வெயிலில் அது காய்ந்துவிடாதபடி, கையை வைத்து மூடிக்கொண்டாள்.