அழிச்சுட்டேன்

நல்ல நாற்காலியாகப் பார்த்துத் துடைத்து, டிவிக்கு நேர் எதிரே கொண்டுவந்து போட்டாள் சின்னவள். "அக்கா, நீங்க இங்க உக்காருங்க. இங்கேருந்துதான் நல்லாத் தெரியும்."

மாமியாரின் முகம் மலர்ந்தது. எழுபதாவது பிறந்த நாளன்று இரண்டு மருமகள்களும் இப்படி ஒட்டி உறவாடுவதைவிட அவருக்கு வேறென்ன வேண்டும்? பெரியவள் வழக்கம்போல ஒன்றும் பேசவில்லை. தலையை மட்டும் அசைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

அந்த வீட்டில் பெரியவள் வாய் திறப்பதே அபூர்வம். நான்கு வருடத்துக்கு முன்பு சின்னவள் கல்யாணமாகி வந்தபோது கலகலவென்று பேசிக்கொண்டிருந்தவள்தான். அப்புறம் என்ன கர்வம் வந்ததோ, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் என்றாகிவிட்டது.

ஆனால் பேசாத அந்த மகராசி எழுதிய ஒற்றை வரி சின்னவளைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல.

எட்டு மாதத்துக்கு முன்பு, வீட்டிலேயே கேக் செய்து விற்கலாம் என்று தொடங்கிய சின்னவள், முதல் கேக்கைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். நாற்பத்திரண்டு பேர் இருக்கும் குழு. வாழ்த்து வரும் என்று காத்திருந்தவளுக்குப் பெரியவளிடமிருந்து வந்தது இதுதான்: "ஆணி அடிக்கச் சுத்தியல் தேடிட்டிருந்தேன். இது போதும்."

கீழே வரிசையாகச் சிரிக்கும் மூஞ்சிகள். அன்றிலிருந்து எந்த உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும், "உன் சுத்தியல் வியாபாரம் எப்படிப் போகுது?" என்பதுதான் முதல் கேள்வி. ஒருவர்கூட அவளிடம் கேக்குக்கு ஆர்டர் கொடுக்கவில்லை.

கணவன் போய் அண்ணியிடம் கேட்டான். வேறு யாருக்கோ அனுப்ப வேண்டியது தவறி விழுந்துவிட்டதாம். "போட்ட உடனே அழிச்சுட்டேன், யாரும் பாத்திருக்க மாட்டாங்க" என்றாளாம். தன் போனைக்கூட எடுத்துக் காட்டியிருக்கிறாள். அதில் அந்த வரியே இல்லை. சின்னவளின் போனில் அது கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தது.

கை தவறுவது யாருக்கும் நடக்கும். சின்னவளே வந்த புதிதில், தன் தங்கைக்கு எழுதியதை இந்தக் குழுவில் போட்டுத் தொலைத்தவள்தான். "எங்க ஓரகத்தி பேச ஆரம்பிச்சா, மிக்சி அணைச்சப்புறமும் ஓடுற மாதிரி இருக்குடி." அந்த நொடியே அழித்தாள். திரையில் துளித் தடம் இல்லை. யாரும் ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. எதிலும் ஒரு சுறுசுறுப்பு வேண்டாமா?

சுத்தியல் அவமானத்தில் அழுது முடித்ததும் அவள் செய்த முதல் காரியம், நூலகத்தில் நடந்த இணையப் பயிற்சி வகுப்பில் சேர்ந்ததுதான். ஆறு வாரம். கேக்கை எந்த வெளிச்சத்தில் படம் எடுப்பது, குறை சொல்கிறவருக்கு எப்படிப் பதில் எழுதுவது, முன்பின் தெரியாதவரிடம் எப்படி நம்பிக்கை வாங்குவது, எல்லாம் கற்றாள். இன்று சொந்தக்காரர் தயவே இல்லாமல் அவளுடைய இணையப் பக்கத்தை மூவாயிரம் பேர் பின்தொடர்கிறார்கள். வகுப்பின் கடைசி வாரம்தான் அவளுக்குப் பெரியவள் செய்த முட்டாள்தனம் புரிந்தது. அந்த வரியை அப்படியே படம் பிடித்துப் பத்திரப்படுத்தினாள். நாள் வரட்டும் என்று காத்திருந்தாள்.

நாள் வந்துவிட்டது. கூடம் கொள்ளாத கூட்டம்.

சின்னவள் போனை டிவியோடு இணைத்தாள். மாமியாரின் சின்ன வயதுப் படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. ரெட்டைச் சடை, கல்யாணக் கோலம், இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பிள்ளைகள். எல்லோரும் கைதட்டினார்கள். மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த படம் சுத்தியல் வரி. பெரியவளின் பெயரோடு, அம்பத்தைந்து அங்குலத்துக்கு.

கூடத்தில் யாரோ இருமினார்கள். சின்னவள் தேன் ஒழுகும் குரலில், டீச்சர் மாதிரி ஆரம்பித்தாள்.

"தப்பா நினைக்காதீங்க அக்கா, நாலு பேருக்கு உபயோகமா இருக்கட்டுமேன்னுதான். 'அனைவருக்கும் நீக்கு'ன்னு ஒண்ணு இருக்கு. அதை அழுத்தினா, செய்தி நீக்கப்பட்டதுன்னு ஒரு வரி எல்லார் போன்லயும் நிக்கும். நீங்க அழுத்தினது 'எனக்கு மட்டும் நீக்கு'. அதுல உங்க போன்ல மட்டும்தான் தடமே இல்லாமப் போகும். மத்த நாப்பத்தோரு பேரும் உக்காந்து படிச்சுட்டுத்தான் இருப்பாங்க. பாவம், யாரும் உங்ககிட்ட சொல்லலை போல."

சொல்லிவிட்டுக் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். ஒருவர்கூடப் பெரியவளைப் பார்க்கவில்லை. மாமியார் உட்பட எல்லோரும் சின்னவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கணவன் மட்டும் தரையைப் பார்த்தான்.

பெரியவள் நிதானமாக எழுந்தாள். நான்கு வருடமாக அந்தக் கூடத்தில் யாரும் கேட்டிராத குரல், கணீரென்று வந்தது.

"நீ அழிச்ச மாதிரியேதான் நானும் அழிச்சேன்."