ஏழாம் நம்பர் மீன்

தன் வீட்டுத் தெருவுக்குள் காரைத் திருப்பியதும், பக்கத்து ஸீட்டில் கிடந்த ரிசீவர் ‘பீப்’ என்றது.

சபரிநாதன் சட்டென்று பிரேக் போட்டான். ரிசீவர் திரையில் ஏழாம் நம்பர்! டெலவேர் ஆற்றில் இருக்க வேண்டிய மீனுக்கு, பல மைல் தள்ளியிருக்கும் மான்மவுத் ஜங்ஷன் ஊருக்குள் என்ன வேலை?

அழிந்துகொண்டிருக்கும் ஸ்டர்ஜன் மீன் ஆற்றில் மறுபடி பெருகட்டும் என்று, பண்ணையில் வளர்த்த பத்து மீன்களை ஜூன் கடைசியில் ஆற்றில் விட்டிருந்தார்கள். ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் ஒரு டிரான்ஸ்மிட்டர். அதன் சத்தத்தை ஆன்டெனாவால் பிடித்து, மீன் எங்கே போகிறது என்று பார்ப்பதுதான் சபரிநாதனின் உத்தியோகம்.

ஒரே மாதத்தில் ஆறு மீன்களின் சத்தம் நின்றுபோனது. ‘திருட்டுத்தனமாகப் பிடித்துத் தின்கிறார்கள்’ என்று ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தான். இன்னும் ஒன்று போனால் ப்ராஜெக்டையே இழுத்து மூடிவிடுவதாக பாஸ் சொல்லியிருந்தார்.

ஆன்டெனாவைத் தூக்கிக்கொண்டு நடந்தான். எந்த வீட்டு வாசலில் சத்தம் காதைக் கிழித்ததோ, அந்த வீட்டைப் பார்த்ததும் அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ருக்மிணி ஆன்ட்டி வீடு!

வெங்காயம்கூடச் சேர்க்காத ஆன்ட்டி. ‘மீன் தொடற கையோன்னோ, தப்பா எடுத்துக்காதே’ என்று அவன் வீட்டில் காபி குடிக்க மறுத்த ஆன்ட்டி. அன்றைக்கு அவன் மனைவி வான்மதி எவ்வளவு அழுதாள்!

ஊருக்குத்தான் உபதேசம் போலிருக்கிறது. இருக்கட்டும், இன்றைக்கு மானம் கப்பலேறப் போகிறது.

பெல்லை அழுத்தினான்.

“வாப்பா சபரி. என்ன கையில, டி.வி. ஆன்டெனாவா?”

“ஆன்ட்டி, உங்க வீட்டுல மீன் இருக்கா?”

ஆன்ட்டியின் முகம் வெளுத்துவிட்டது.

“மெதுவாப் பேசு. நாலு பேருக்குத் தெரிஞ்சா என்ன நெனைப்பா? உள்ள வா.”

சமையலே ஆகிவிட்டதா?

ஆன்ட்டி சமையலறையைத் தாண்டி அவனை பாத்ரூமுக்கு அழைத்துப் போனார்.

டப் நிறையத் தண்ணீர். அதில் இரண்டடி நீளத்துக்கு ஏழாம் நம்பர். பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஆன்ட்டியின் கணவர் ஜம்புநாதன் உட்கார்ந்திருந்தார்.

“சபரி, நீ மீன் படிச்சவனாச்சே. அப்பா எதுவுமே சாப்பிடமாட்டேங்கறார். தயிர் சாதம்கூடக் குடுத்துப் பார்த்துட்டேன்” என்றார்.

“அப்பாவா?”

“முந்தாநாள் ஆடி அமாவாசையோன்னோ” என்றார் ஆன்ட்டி. “மாமா டெலவேர்ல எறங்கித் தர்ப்பணம் பண்ணிண்டிருந்தார். இது மல்லாந்து மெதந்துண்டு அவர் காலடிக்கு வந்தது. ‘அப்பாவே வந்துட்டார்டி’ன்னு அழுதுட்டார். அப்படியே விட்டுட்டு வர முடியுமா? ஐஸ் பெட்டியில தண்ணி ரொப்பி, அதுல போட்டு டிரைவ் பண்ணிண்டு வந்தோம்.”

“அப்ப யாரும் இதைப் பிடிக்கலியா?”

“பிடிக்கறதாவது! தானே செத்துண்டிருந்தது. வயித்துல தையல் பிரிஞ்சு ஒரே சீழ். உள்ளேர்ந்து ஒயர் வேற தொங்கறது. எந்தப் பாவி கிழிச்சுத் தைச்சானோ, அவனுக்குத் தைக்கக்கூடத் தெரியலை. மஞ்சளைக் குழைச்சுப் போட்டேன். இன்னிக்குக் காலம்பறதான் வாலை ஆட்டித்து.”

சபரிநாதன் குனிந்து பார்த்தான். மஞ்சள் பற்றுக்கு அடியில் நீல நூல் தெரிந்தது. அவன் கையால் கோத்த நூல்.

பத்து மீன்களுக்கும் அவனேதான் தையல் போட்டான். மற்ற ஆறும் இப்படித்தான் சீழ் பிடித்துச் செத்து, கடல்வரை மிதந்து போயிருக்கும். உப்புத் தண்ணீரில் டிரான்ஸ்மிட்டர் சத்தம் வெளியே வராது. இது அவனுக்குத் தெரியாத விஷயமா? திருடன் என்று எழுதியது எத்தனை சுலபமாக இருந்தது!

சபரிநாதன் நிமிர்ந்தான்.

“ஆன்ட்டி, ஒரு போன் பண்ணிக்கலாமா?”

“போலீஸுக்கா?” ஆன்ட்டி பதறினார். “மாமாவைப் பிடிச்சுண்டு போயிடுவாளா?”

“இல்ல ஆன்ட்டி. என் பாஸுக்கு. ஆறு மீனைக் கொன்னவன் கிடைச்சுட்டான்னு சொல்லணும்.”