வாசிக்காத பெயர்

துரோகம் செய்தது பக்கத்து வயல்காரன் ஜஸ்டஸ்தான். ஞானசிகாமணி இதை எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் ஏறிச் சொல்லத் தயார்.

பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று ஊரே கொதித்துக்கொண்டிருந்த நேரம். மறியல் செய்து ஜெயிலுக்குப் போகிறவர்களின் பட்டியலை, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஜஸ்டஸ்தான் எழுதி வாசித்தான். தன் பெயர் கேட்டவர் எழுந்து நிற்க, போதகர் தலையில் கைவைத்து ஜெபம் செய்வார். அங்கிருந்தே மறியலுக்குப் புறப்படுவார்கள்.

முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவர் ஞானசிகாமணி. அவர் பெயர் வரவே இல்லை. பாதி எழும்பியவர் அப்படியே உட்கார்ந்தார்.

"வரப்புத் தகராறை மனசில வச்சு வெட்டிப்போட்டான்" என்றது ஊர். ஜஸ்டஸ் மறுக்கவில்லை.

இரண்டு மாதம் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தவன், கழுத்து மாலையோடு நேராக ஞானசிகாமணி வீட்டுக்கு வந்தான்.

"எலே, எந்த மூஞ்சிய வச்சிட்டு வந்தே?"

"எனக்கு இருக்கது இது ஒண்ணுதான் மக்கா."

"எனக்க பெயரை எதுக்குலே வெட்டினே?"

ஞானசிகாமணியின் மனைவி கிருபாபாய் உள்ளே போகும்வரை ஜஸ்டஸ் காத்து நின்றான்.

"இதுக்கு முந்தின மறியல்ல, லாக்கப்பில பத்தொன்பது பேருக்கு வெளிக்குப் போக ஒரே பானை. மூணு நாளு கதவு தொறக்கல்ல. உனக்கு அது ஒக்காது."

ஞானசிகாமணிக்குக் காது சுட்டது. பிறவியிலேயே அவருக்குக் குடலில் குறை. அடக்கிவைக்க முடியாது. வேட்டிக்குள் எப்போதும் மடித்த துணி உண்டு. அது கிருபாபாய்க்கும் கர்த்தருக்கும் மட்டும் தெரிந்த விஷயம் என்றுதான் இத்தனை காலம் நம்பியிருந்தார்.

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? அறுப்புக்கு வந்தா நீ தண்ணி ஓடுக தோட்டுக்கரைப் பக்கம்தான் நிப்பே. நடுவில இறங்கிப் போவே. பத்து வருஷமா பாக்கேன்."

"நீ யாருகிட்ட சொன்னே?"

"வீட்டுக்காரிகிட்ட கூட இல்ல. ஊரு என்னைத் திட்டட்டும்னு விட்டேன்."

ஞானசிகாமணியின் கண் நனைந்தது. குரல் இறங்கவில்லை.

"பத்து வருஷம் பாத்தவன் ஒரு வார்த்தை கேட்டியாலே? எனக்க வயித்தோட குடியிருக்க எனக்குத் தெரியாதா? நீ பட்டியல் வாசிச்ச அன்னைக்கு கிருபாபாய் பழைய சேலையைக் கிழிச்சு இருபது துணி மடிச்சு, மூடி போட்ட வாளியும் தந்துவிட்டா. கோயில் வாசல்ல வச்சிட்டாக்கும் உள்ள வந்தேன்."

ஜஸ்டஸ் தலை குனிந்தான்.

"அடுத்த பட்டியல்ல உனக்க பெயருதான் முதல்ல, மக்கா."

அடுத்த பட்டியல் வருமுன் மாநில எல்லை போட்டுவிட்டார்கள்; போராட்டம் முடிந்தது. ஜஸ்டஸ் இன்னும் ஒரு பெயர் வாசிக்கவேண்டியிருக்கிறது.