தும்மிய பானை

“இன்னிக்குக் காலையில, இந்த அணையில ஒரு பானை தும்மிச்சுங்க ஐயா! அது தும்முன தும்மல்ல, இருந்த அத்தனை வாத்தும் மிரண்டு பறந்து தாப்பா டவுனுலதான் போய் இறங்குச்சு!”

சன்னாசி சொல்லி முடிக்க, அவன் மனைவி நல்லம்மாள் கூடையை மறுபக்க இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

ஈப்போ பக்கத்து ரப்பர்த் தோட்டங்களிலிருந்து அணைக்கட்டைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு உள்ளே போகவும் வெளியே வரவும் ஒரே வாசல்தான். அங்கே பிரம்போடு நிற்பவர் ஓவர்சியர் பூபாலசிங்கம். உள்ளே ஒரு பறவையின் இறகைக்கூடத் தொடக்கூடாது என்பது வெள்ளைக்கார சர்க்காரின் கட்டளை. நல்லம்மாளின் கூடையிலோ, பழஞ்சேலைக்கு அடியில், காலும் அலகும் கட்டிய ஒரு காட்டு வாத்து! பிடிபட்டால் தோட்டத்து வேலையும் போகும், தோட்டம் தந்த லயத்து வீடும் போகும்.

“பானை தும்மினதோ? விசர்க்கதை கதையாதையும்!” என்று சிரித்தார் ஓவர்சியர். கொளுத்தும் வெயிலில், காதை மூடி ஒரு கம்பளித் துண்டைச் சுற்றியிருந்தார்.

“காளியாத்தா சத்தியமாங்க! தானா மிதந்து வந்துச்சு. ரெண்டு கண்ணு வேற. ‘அச்’சுன்னுச்சு பாருங்க, தண்ணி தென்னமர உயரத்துக்கு எழும்பிருச்சு!”

‘வாயை மூடேன், பாவி மனுசா!’ நல்லம்மாள் அவன் காலை மிதித்தாள். பானைப் பேச்சை இவனே எடுக்கலாமா? விடியலில், கண்ணுக்குத் துளை போட்ட பானையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கழுத்தளவுத் தண்ணீரில் நடந்து, ஏதோ பானை மிதக்கிறது என்று சும்மா இருந்த வாத்தை அடியிலிருந்து காலைப் பிடித்து இழுத்தவனே இவன்தானே!

“நீர் எங்க நிண்டு பாத்தனீர்?”

“பக்கத்துலதாங்க. கையை நீட்டினா தொட்டுறலாம்.”

ஓவர்சியரின் சிரிப்பு நின்றது. அந்த நேரம் பார்த்துக் கூடை அசைந்தது. நல்லம்மாள் அதை இடுப்போடு இறுக்கினாள்.

“கூடைக்குள்ள என்ன?”

“பழந்துணிங்க…” என்றாள்.

பிரம்பின் நுனி சேலையின் ஓரத்தைத் தூக்கியது. நல்லம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். லயத்து வாசலில் சட்டி பானையெல்லாம் வெளியே கிடப்பதுபோல் தெரிந்தது.

“அந்தப் பானைக்கு இடது கண்ணுக்குக் கீழ ஒரு மச்சம் இருந்துச்சுங்க ஐயா,” என்றான் சன்னாசி, அவசரமே இல்லாமல்.

பிரம்பு அந்தரத்தில் நின்றது.

நல்லம்மாள் கண்ணைத் திறந்து, முதன்முதலாக ஓவர்சியரின் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள். இடது கண்ணுக்குக் கீழே, மிளகு அளவில் ஒரு மச்சம்!

“அச்!”

ஓவர்சியர் மூக்கைத் துடைத்தார். முன்னும் பின்னும் பார்த்தார். சேலையைத் தாமே இழுத்து மூடி, வாசலைத் திறந்துவிட்டார்.

“பானை தும்மினது மெய்தான் காணும்,” என்றார் மெதுவாக. “அதாலைதான் என்ரை வாத்து பறந்திட்டுது!”